பஞ்சுக் கிடங்கில் பாதி ஜெபம்

சாவை விடப் பயம் கொடியது என்று எனக்குத் தெரிந்தது ஒரு மாசி மாதம், எழுபதுகளின் கடைசியில். ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். எதிர்த்துப் பேசினான் என்பதற்காகக் கூலியாள் காளியனைப் பண்ணையார் மகன் பருத்திக் காட்டில் அடித்தே கொன்றான். பார்த்தவள் நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை அரியலூர் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமையே, "வக்கீல் கூப்பிடறாரு" என்று ஒரு ஜீப் வந்தது. நம்பி ஏறின மடச்சி நான்.

பெரம்பலூர்ப் பக்கம் பண்ணையாருடைய பஞ்சுக் கிடங்கு. உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். கத்தினேன், கதவை உதைத்தேன், அவர்கள் ஏழு தலைமுறையையும் திட்டினேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கூரை ஓட்டையில் வெயில் இறங்கும். அதில் பஞ்சுத் தூசி மெல்ல மெல்ல மிதக்கும். தூங்குகிறேனா, முழித்திருக்கிறேனா, தெரியாது. செத்துப்போன காளியன் பஞ்சுக் குவியல்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைப்பான். "பத்திக்கும்யா" என்பேன். சிரிப்பான்.

வியாழக்கிழமை வெளியிலிருந்து கிடங்கு மேனேஜர் குரல்: "ஒன்னும் பாக்கலன்னு சொல்லிடறியா? இப்பவே வூட்டுக்குப் போயிடலாம்." சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அவன் போய்விட்டான்.

அப்புறம் வெட்கத்தில் அழுதேன். "மாதாவே, தாயே, என்னை விடுவிக்கச் சொல்லல. காளியன் பொண்டாட்டி முகத்துல நான் முழிக்கணும். எனக்கு வாயைக் குடு" என்று மன்றாடினேன். விரல்களை மடக்கி ஜெபமாலை தொடங்கினேன். குரல் நூல் மாதிரி எழும்பியது.

எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தின் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் முதல் பாதியோடு நிறுத்தினேன். யார் பதில் சொல்வார்கள்? ஆனாலும் நிறுத்தினேன். மூன்றாவது தடவை, கதவுக்கு வெளியே ஒரு பெண்குரல் பின்பாதியைச் சொன்னது.

கனவென்றே நினைத்தேன். ஜெபமாலையின் முதல் பத்து மணிகளும் முடியும்வரை அப்படியே சொன்னோம். பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பூட்டு திறந்தது.

கிடங்கு ஆட்களுக்குச் சமைக்கிற சவேரியம்மாள், வரதராஜன்பேட்டைக்காரி, எங்களைப் போலவே மாதாவைக் கும்பிடுகிறவள். மேனேஜர் அறையிலிருந்து சாவியை எடுத்து வந்திருந்தாள். "உள்ளார இருக்கறது பைத்தியம், பேச்சுக் குடுக்காதன்னாங்கக்கா. பைத்தியம் பாதியில நிறுத்திட்டுப் பதிலுக்குக் காத்திருக்குமா?" என்று அழுதாள். திரும்பிப் போனால் அவளை உயிரோடு விடமாட்டார்கள். இரண்டு பேருமாக பஸ் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை கூண்டில் நின்றேன். "யாரும்மா உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "என் கண்ணுதாங்க" என்றேன். பிறகு தீர்ப்பில் பண்ணையார் மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. காளியன் மனைவி என் கையைப் பிடித்தாள், வெகுநேரம் விடவில்லை.

அன்றிலிருந்து அநியாயத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவதில்லை. வாயாடி என்கிறார்கள். மாதா ஆண்டவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த வாய், மூடி வைப்பேனா? சவேரியம்மாள் எனக்குக் கூடப்பிறக்காத தங்கை.

அன்பானவர்களே, எந்த இருட்டில் கிடந்தாலும் உங்கள் பங்கைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மீதியைச் சொல்ல ஆண்டவர் ஆள் அனுப்புவார்.