லெட்டிஸ் சாகவில்லை

புத்தகக் கடைக்காரர் பென்ரோஸ் என்னைச் சாகடித்து, அதை அச்சடித்து லண்டன் தூண்களிலெல்லாம் ஒட்டிவிட்டார். நானோ அந்தத் தூண்களுக்கு நடுவே மீன் கூடையைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எல்லாம் என் தங்கை தபிதா எழுதிய கதையால் வந்தது. மெழுகுவர்த்திக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சீக்கிரமே விதவையானவள் அவள். கடையைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்து எழுதுவாள். ஆள் வந்தால் இறகுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வருவாள்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த மை நாத்தம்?" என்று பக்கத்துக் கடைக்காரன் கேட்டால், "உன் கடைக் கொழுப்பு நாத்தத்துக்கு இது தேவலை" என்பாள். பிடித்தால் உடும்புப்பிடி. அப்பாவே அவளிடம் தோற்றவர்.

அவள் கதையின் நாயகி லெட்டிஸ் ஒரு வேலைக்காரி. எஜமானர் மகன் ஆசை காட்டி ஏமாற்ற, வயிற்றுப் பிள்ளையோடு தெருவுக்கு வருகிறாள். அது என் கதை. ஊருக்கு நான் கடலில் போன மாலுமியின் விதவை. துக்கத்துக்கு அடையாளமாகத் தொப்பியில் கறுப்பு நாடாகூடக் கட்டியிருந்தேன். என்னோடு சிப்பி விற்கும் என் மகள் ஜோனும் அதைத்தான் நம்பியிருந்தாள். உண்மை தபிதாவுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் ஊர்ப் புத்தகங்களின் தலைப்பே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அந்த முதல் பக்கத்தைத் தனியே அச்சடித்துத் தூண்களில் ஒட்டுவார்கள். கடைசி அத்தியாயம் கைக்கு வருமுன்பே பென்ரோஸ் ஒட்டிவிட்டார்: 'லெட்டிஸ் என்னும் பணிப்பெண்ணின் சரித்திரம், அவள் ஏமாந்ததும், அலைந்ததும், மனந்திரும்பிப் பரிதாபமாக மாண்டதும்.' தவறி நடந்த பெண் கதை முடிவதற்குள் செத்தாக வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் அத்தனை நிச்சயம். எழுதியவளைக் கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

தபிதா நேரே அவர் கடைக்குப் போனாள். நானும் போனேன்.

"அவ சாகல ஐயா."

"ஊர் பூரா ஒட்டியாச்சும்மா. இனி செத்துத்தான் ஆகணும்."

"ஒட்டினது நீங்க. எழுதறது நான்."

"நீங்க எழுதலேன்னா போங்க. தெரிஞ்ச பாதிரியார் ஒருத்தர் இருக்கார். ஒரே சாயங்காலத்துல சாகடிச்சுக் குடுத்துடுவார்."

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்திக் கரியைச் சுரண்டிப் பசையில் குழைத்தாள். மறுநாள் காலை, சந்தை கலையும் நேரத்தில், ஊரறியப் புறப்பட்டாள். கரிச்சட்டியை நான் பிடித்துக்கொள்ள, ஜோன் சிப்பிக் கூடையோடு கூட வந்தாள். ஒவ்வொரு தூணிலும் கடைசி வரியைக் கரியால் அடித்து, அதன் கீழே பெரிதாக 'சாகவில்லை' என்று எழுதினாள் தபிதா.

"யாரு சொன்னது?" என்றான் ஒரு கறிக்கடைக்காரன்.

"எழுதினவ சொல்றேன்."

முழங்கை வரை கரியோடு அவள் பென்ரோஸ் கடை வாசலுக்கு வந்தபோது பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. "சாகறாளா இல்லையா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்கள். பென்ரோஸ் வேகவைத்த நண்டாய்ச் சிவந்து வெளியே வந்தார்.

"இந்த மாதிரிப் பொண்ணு பொழைச்சு நல்லா இருந்தான்னு எவன் நம்புவான்? நீ எங்கேயாவது கண்ணால பாத்திருக்கியா? சொல்லு!"

தபிதா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மறந்தும் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கதையே போனாலும் இவள் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்னை இன்னொரு தடவை சாகவிட எனக்கு மனமில்லை. கரிச்சட்டியைக் கீழே வைத்தேன்.

"அவ பாத்திருக்கா. தினமும் பாக்கறா. அந்தப் பொண்ணு நான்தான். நல்லாப் பாருங்க ஐயா, செத்தவ மாதிரியா இருக்கேன்?"

"அப்ப அந்த மாலுமி என்ன ஆனான் மெர்சி?" என்று ஒரு குரல் சீண்டியது.

"அவன் பொறக்கவே இல்லடா!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு; அதில் என் பழைய வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். பென்ரோஸ் கூட்டத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். வியாபாரி அல்லவா? "சரிம்மா, கடைசி அத்தியாயத்தை எப்பத் தருவீங்க?" என்றார்.

வழியெல்லாம் ஜோன் என்னை விட்டு விலகி முன்னாலேயே நடந்தாள். தபிதா வேறு என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "உன்னை யாரு அக்கா பேசச் சொன்னது?"

"நீ எழுதலாம், நான் பேசக்கூடாதா?"

மெழுகுவர்த்திக் கடைக்குள் நுழைந்ததும் ஜோன் கூடையை இறக்கினாள். என்னைப் பார்க்காமல் தபிதாவிடம்தான் கேட்டாள்.

"சித்தி, லெட்டிஸுக்குப் பொண்ணுதானே பொறக்குது? பேரு வெச்சுட்டியா?"

"இன்னும் இல்லடி."

"என் பேரையே வெய்யி."

தபிதா கையைக்கூடக் கழுவாமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.