கிரகணத்தன்று வெட்டிய கட்டிங்

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. "இன்னைக்கு மட்டும் வெளிய போவாத, கத்தியத் தொடாத" என்று அத்தை, அதாவது என் மாமியார், வாசலில் குறுக்கே நின்றார். கிரகணம் வெறும் நிழல்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்த திமிர் எனக்கு. போதாததற்கு அன்று மலை முழுக்க மூட்டம்; சூரியனையே காணோம், அப்புறம் கிரகணத்தை எங்கே காண்பது? அவரை விலக்கிக்கொண்டு போய், வழக்கம்போல உட்கார்ந்து கட்டிங் வெட்டினேன்.

கட்டிங் என்றால், நல்ல தாய்ச்செடியின் கிளையை ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நடுவது. இலைக் கக்கத்தில் இருக்கும் மொட்டு துளிர்த்து, அச்சு அசலாகத் தாயைப் போலவே ஒரு செடி வரும்.

தை மாதம் மகள் பிறந்தாள். மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது.

சில மாதம் போனால் தைத்துவிடலாம் என்று டொக்டர் சொன்னார். நாங்கள் இருந்த வரிசை வீடுகளில், லயத்தில், அது யார் காதிலும் ஏறவில்லை. "கத்தி பட்ட எடம்" என்றார்கள். "சொன்னேனே, கேட்டியா? புள்ள வாய நீயே அறுத்துட்ட" என்று அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னார். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அது அதைவிட வலித்தது. நான் படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, நானும் அதை நம்பினேன். பிள்ளையால் சப்பிக் குடிக்க முடியாது. பால் மூக்கு வழியாக வந்துவிடும். அத்தை ஒருவருக்குத்தான் அவளை நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய பாலைக் கரண்டியால் கன்னத்தோரமாக விடத் தெரிந்தது. என்னைத் திட்டிக்கொண்டேதான் ஊட்டுவார்.

திரும்ப வேலைக்குப் போனபோது, கிரகணத்தன்று நான் வெட்டிய கட்டிங்கெல்லாம் துளிர்த்திருந்தன. அவற்றில் ஒரு வரிசையில் மட்டும், புது இலை ஒவ்வொன்றும் நுனியில் பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருந்தது. போதாதா? கூட வேலை செய்த பெண்கள் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார்கள். பிள்ளை உண்டாகியிருந்த ஒருத்தி, என்னைக் கடக்கும்போது முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். "நீ இனிமே வெட்ட வேணாம், தண்ணி மட்டும் ஊத்து" என்றார் எங்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை.

அந்தச் சமயத்தில் நாற்றுகளைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். கணக்கப்பிள்ளை பாதிச் சிரிப்போடு என்னைக் காட்டிக் கதையைச் சொன்னார். அந்த மிஸ் சிரிக்கவில்லை. அந்தக் கட்டிங் எடுத்த தாய்ச்செடிகளைக் காட்டச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தேடிப் பார்த்தோம். ஒரு செடியில், ஒரே ஒரு கிளையில், எல்லா இலையும் நுனி பிளந்திருந்தது. விரியாத ஒரு மொட்டைக் கிள்ளி, ஊசியால் பிரித்து, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தார். உள்ளே அரிசிக் குறுணையை விடச் சின்னதாக ஓர் இலை. அதன் நுனியும் பிளந்திருந்தது.

"இஞ்ச பாருங்கோ. இலை என்ன வடிவத்தில வரவேணும் எண்டது மொட்டுக்குள்ளயே முடிவாயிடும். இந்த இடம் வளர், இந்த இடம் நில் எண்டு சொல்லுறது உள்ளுக்க இருக்கிற மரபணு. அதில ஒண்டு பிசகினா இப்பிடி வரும். உங்கட கத்தி பட முன்னமே இது பிளந்துதான் இருந்தது."

"அப்ப என் புள்ள, மிஸ்?" என்றேன்.

மிஸ் பூதக்கண்ணாடியை வாங்கிப் பைக்குள் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சது இலைதான். ஆனா பிள்ளையின்ர உதடும் முதல் மூண்டு மாசத்துக்குள்ளயே உருவாகிடும். ஆறாம் மாசத்தில நீங்கள் என்னத்தை வெட்டினாலும் அதுக்கு ஒண்டும் ஆகாது. சில குடும்பங்களில பரம்பரையாவும் வரும். உங்கட பக்கத்திலயோ உங்கட மனுசன்ர பக்கத்திலயோ ஆருக்கும் இருந்ததோ?"

எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. செடிகளுக்கு நடுவில் நின்று அழுது தீர்த்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த நிம்மதி கோபமாக மாறிவிட்டது. எங்கள் பக்கம் இல்லையென்றால் அவர்கள் பக்கம்தானே! அத்தை பிள்ளைக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பரா வீட்டுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன். "என் கத்தி இல்ல அத்தை! உங்க வம்சத்துல இருந்து வந்தது. உங்க ரத்தம்!"

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கு மூத்தது ஒண்ணு பொறந்துச்சு. இதே வாயி. பாலு எறங்கல. எப்படியெப்படியோ ஊட்டிப் பாத்தேன், ஒரு மாசங்கூட இருக்கல. அது வயித்துல இருந்தப்ப நான் மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவ. கெரகணத்துல அருவாளத் தொட்டதுதான்னாங்க, எனக்குக் கெரகணமே இருந்த மாதிரி தெரியல. மேகத்துக்குப் பின்னால இருந்திருக்கும், நீ பாத்திருக்க மாட்டன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டேன்."

தனக்கு ஒரு மூத்தது இருந்ததே என் கணவருக்குத் தெரியாது. வாசலில் ஏன் அப்படிக் குறுக்கே நின்றார், கரண்டியை எங்கே பழகினார் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொன்னதை எல்லாம் வாரி விழுங்கிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. மிஸ் காட்டியதையும் சொன்னதையும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன்.

"அப்ப அது நான் அறுத்ததில்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அத்தை. நீங்க புல்ல அறுத்தீங்க, அவ்வளவுதான்."

பிறகு மகளின் உதட்டைத் தைத்தார்கள். இன்று ஒரு மெல்லிய கோடுதான் மிச்சம். லயத்தில் கிரகணக் கதை மாறவில்லை. அவர்களோடு வாதாடுவதை நானும் விட்டுவிட்டேன். ஆனால் அத்தை, கீரை ஆயும்போதோ விறகு அடுக்கும்போதோ, திடீரென்று கேட்பார்: "அந்த மிஸ்ஸு நெசமாத்தான் சொன்னாங்களா?" ஆமாம் என்பேன். சரி என்று தலையாட்டுவார். சில நாள் கழித்துத் திரும்பவும் கேட்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு படுத்த படுக்கையான போதும், கடைசியாக என்னிடம் கேட்டது அதைத்தான். நானும் அதே பதிலைச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது.

என் பாரத்தை இறக்கி வைக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. அத்தைக்கு மீதி ஆயுள் முழுவதும் போதவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம், யாரைப் பார்த்தும் 'உன்னால்தான்' என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை.