மின்விசிறியை நிறுத்திய டாக்டரம்மா

ஆட்டோவில் வீடு திரும்பும்போதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று டாக்டரம்மா சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஆபரேஷன், அப்புறம்தான் மருந்து என்றார் பெரியப்பா. இல்லை, மருந்துதான் முதலில் என்றார் அப்பா. நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்டால், "அந்த வார்த்தைக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே காதுல விழல" என்றார்.

அடுத்த தடவை டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோனால் என்ன?

எனக்கு அப்போது பத்து வயது. ரேடியோவில் வரும் பாட்டையெல்லாம் கேசட்டில் பிடித்து வைப்பதுதான் என் முழுநேர வேலை, பள்ளிக்கூடம் பகுதிநேரம். எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில் தண்ணீர்ச் சண்டையைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. பாட்டுக் கேசட் ஒன்றைத் தியாகம் செய்து, ஒயர் கூடையில் துண்டு விரித்து, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றியா, கச்சேரிக்கு வர்றியா?" என்றார் பெரியப்பா.

டாக்டரம்மா கூடையை எட்டிப் பார்த்தார். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழும் பேசுவார். விஷயத்தைச் சொன்னதும், "ஒள்ளே ஐடியா, மரி! நல்லா யோசிச்சிருக்கே, குட்டி" என்று சொல்லி, எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். "சத்தம் இல்லாம தெளிவா ரெக்கார்ட் ஆகட்டும்." வெளியே அவ்வளவு பேர் காத்திருக்க, வியர்வையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பேசினார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். முதலில் மருந்து, கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொன்னது துல்லியமாகக் கேட்டது. அப்பா தன் அண்ணனை ஜெயித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான். ஆனால் அம்மா வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்கிறது டாக்டரம்மாவின் குரல். உடனே செய்தி வாசிப்பவரைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரியப்பா: "அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நீங்க எங்கிட்ட சொல்லுங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டாக்டரம்மா, "பயப்படாம கேளுங்கம்மா." இந்தத் தடவை அப்பா: "அவ தைரியமாத்தான் இருக்கா டாக்டர்."

அம்மாவுடையது என்று அந்தக் கேசட்டில் இருந்தது வளையல் சத்தம் மட்டும்தான். மின்விசிறி ஓடியிருந்தால் அதுவும் கேட்டிருக்காது.

அம்மா பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார். "இதுல நான் எங்க மாமா?"

"நீ வாயத் திறந்தா அழுதுடுவேன்னுதாம்மா..." பெரியப்பாவின் குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்தவர் அவர். அவரையும் குறை சொல்ல மனம் வராது.

"அழுதா அழறேன். அந்தம்மா அழறவங்களப் பாக்காதவங்களா? நோவு எனக்குத்தானே மாமா? வர்ற செவ்வாக்கிழமை நானும் இவளும் உள்ள போறோம். நீங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வெளிய பெஞ்சுல உக்காருங்க."

இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்லும்போது, பெரியப்பாவைப்போலத் தொண்டையைச் செருமிக் காட்டிவிட்டு அம்மா அப்படிச் சிரிப்பார். நானோ மின்விசிறியை நிறுத்திய அந்தக் கையை நினைத்துக்கொள்வேன்.

கேசட்டைக் கேட்ட மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மா சமையலறைத் தரையில் டேப் ரெக்கார்டருக்கு எதிரே உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எனக்கு அஞ்சு வருஷம் கிடைக்குமா?"

போட்டுக் கேட்டார். குரல் நடுங்கியிருந்தது. அழித்துவிட்டு மறுபடியும் சொன்னார். மறுபடியும் அழித்தார்.

வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். ஆனாலும் என் வயதோடு அந்த ஐந்தைக் கூட்டினால் நான் பத்தாவது முடிக்கும் வருஷம் வரும் என்று பார்க்கத் தோன்றவில்லை. இப்படியே ஓட்டினால் பேட்டரி தீர்ந்துபோகுமே என்றுதான் பதறினேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"தீர்ந்தா தீரட்டும். புதுசு வாங்கிப் போடு. செவ்வாக்கிழமை நான்தான் பேசப்போறேன்."