வேண்டாத கிளை

நாற்றுப் பண்ணையில் அவளைச் 'சொட்டு மருந்து அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நித்தியகல்யாணி நாற்றுகளின் குருத்தில் கொல்கிசின் சொட்டு விடுவது அவள் வேலை. பேர்தான் மருந்து; உண்மையில் விஷம். அது பட்ட செல் இரண்டாகப் பிரிய முடியாமல் தனக்குள்ளேயே இரட்டிப்பாகும். பிழைத்தால் பூ பெரிதாகும். பெரும்பாலும் பிழைக்காது. கருகிய நாற்றுகளைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், "இன்னைக்கு எத்தனை கொலை?" என்று கேட்டுச் சிரிப்பான் கணவன். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

மூன்றாவது வருடம் ஒரே ஒரு செடியில் ஒரு கிளை மட்டும் மருந்து ஏறியும் பிழைத்தது. தடித்துச் சுருண்ட இலை, ஆமை வேகம். மருந்து ஏறாத மற்ற கிளைகளோ தறிகெட்டு வளர்ந்தன. அவற்றை விடாமல் கிள்ளினால்தான் இது தலையெடுக்கும். கிள்ளிக் கிள்ளி, அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு மாதம் லீவு போட வேண்டியதாயிற்று. அவசரத்தில் தோட்டக்காரரிடம், "வேண்டாத கிளை வந்தா கிள்ளிடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது தொட்டி நிறையப் பூ. எல்லாம் வழக்கமான சின்னப் பூ. தடித்த கிளை இருந்த இடத்தில் ஒரு காய்ந்த வடு.

"ஒரு கிளை சீக்குப் புடிச்சு சுருண்டு கெடந்துச்சும்மா. விட்டா செடியே போயிருக்கும். மொத நாளே கிள்ளிட்டேன்."

முப்பது வருடமாகச் செடிகளைக் காப்பாற்றிய கை. அதை என்னவென்று திட்டுவது?

"நல்லாப் பாத்துக்கிட்டீங்கண்ணே" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடுத்த தடவையும் என்கிட்டயே விட்டுட்டுப் போம்மா."