பூனை என்று சொல்லாமல் கேட்ட ஜெபம்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என் மகள் ஜெனி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் அப்பு. "அம்மா, இவனுக்கு மூச்சு அடைக்குது" என்றாள்.

அப்பு எங்கள் வீட்டுப் பூனை. மூக்கு ஒழுகிக் காய்ந்து அடைத்திருந்தது. கண்கள் பீளை கட்டி ஒட்டியிருந்தன. பூனைக்குச் சளி பிடித்ததெல்லாம் கர்த்தர் செய்ததற்கு ஒரு சாட்சியா என்று நீங்கள் நினைக்கலாம். ஜெனியைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

போன வருடம் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள். தட்டை வெளியே வைப்பேன். பாதி நாள் தொடாமல் கிடக்கும். மழையில் நனைந்த குட்டியாக அப்பு கார் ஷெட்டில் வந்து கத்தியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. அதற்கு மீன் வேகவைக்க அடுக்களைக்கு வந்தாள். அது தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தின்றாள். எங்களிடம் பேசாததையெல்லாம் அதனிடம் இந்த ஊர் மலையாளத்தில் பேசினாள். அது போய்விட்டால் கதவு மறுபடி அடைபடும். எனக்கு அந்த ஒரு பயம்தான்.

எங்கள் வீட்டில் சளி என்றால் நெஞ்சில் யூகலிப்டஸ் தைலம் தேய்ப்போம். நான் குப்பியைத் திறந்துவிட்டேன். டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் என்று ஜெனி தடுத்தாள். கால்நடை டாக்டர் போனிலேயே பதறினார். தைலம் கூடாது, நாம் தின்னும் மாத்திரையும் கூடாது, பூனைக்கு விஷம், உடனே கொண்டுவாருங்கள் என்றார். போனோம். ஊசி போட்டார். மூக்கு அடைத்தால் பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் தின்னாது, தின்றால்தான் பிழைக்கும் என்றார். வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைக்க வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீர் ஆவியில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். மீனைச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் செய்தோம். அப்பு தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதன்கிழமை ஜெனியும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். போகத் தெம்பே இல்லை. ஒரு வருடமாக ஜெனிக்காக ஒரே வார்த்தைகளில் கேட்டுக் கேட்டு என் வாய் அலுத்துவிட்டது. சில மாதங்களாக அங்கே அவள் பெயரைச் சொல்வதையே விட்டிருந்தேன். அன்று ஒரு சகோதரி கணவரின் ஆபரேஷனுக்காக ஜெபிக்கச் சொன்னாள். அதன்பின் என் முறை. பூனை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அப்புவுக்கு மூச்சு அடைக்குது, ஒண்ணும் தின்ன மாட்டேங்குறான்" என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தை நடத்தும் எஸ்தர் அக்கா வயது கேட்டார். ஒன்று ஆகப்போகிறது என்றேன். "பச்சப்பிள்ளை" என்று யாரோ அழுதார்கள். எல்லோரும் முழங்காலில் நின்று, அப்பு, அப்பு என்று பெயர் சொல்லி மன்றாடினார்கள். நானும் அழுதேன். யாருக்காக அழுதேன் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் பேச்சுச் சத்தம். கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். ஆவிக்கு நடுவே, ஈரத்தரையில், அப்புவை மடியில் வைத்துக்கொண்டு ஜெனி உட்கார்ந்திருந்தாள். என் கணவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது வாங்கிவந்த சாளை மீனை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்திருந்தாள். அப்பு பலமாக ஒரு தும்மல் போட்டது. மூக்கிலிருந்து சளி தெறித்தது. பிறகு கழுத்தை நீட்டி ஜெனியின் விரலை நக்கியது. தட்டில் வாய் வைத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த ஜெனி, தன்னை அறியாமல் அதே தட்டிலிருந்து ஒரு வாய் சோறு எடுத்துத் தின்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். நான் சத்தம் காட்டாமல் அங்கேயே நின்றேன்.

ஊசிதான் வேலை செய்தது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். டாக்டருக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் நான் எதைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். இப்போது ஜெனி சில நாள் எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எல்லா நாளும் இல்லை. எனக்கு அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. காலையில் எழுந்ததும் அப்புவின் மூச்சைத்தான் முதலில் கவனிக்கிறேன். ஆனாலும் ஜெனியின் பெயரைச் சொல்லி ஜெபிக்க மறுபடி வாய் வருகிறது. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்களே, உங்கள் வாயில் வருகிற சின்ன விண்ணப்பத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்ல வராததையும் அவர் கேட்கிறார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. ஜெனி கதவைத் திறந்திருக்கிறாள். கை துடைத்துக்கொண்டு ஓடிவந்தால், எஸ்தர் அக்காவும் இன்னும் இரண்டு சகோதரிகளும் நிற்கிறார்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கையால் பின்னிய ஒரு குழந்தைத் தொப்பி. அப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஜெனி பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டாள். எல்லாவற்றையும் நான் தலைகுனிந்து சொன்னேன்.

"பூனைக்கா பிள்ளே நான் ரெண்டு நேரம் உபவாசம் இருந்தேன்?" என்றார் எஸ்தர் அக்கா.

ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு வருடமாக அவளைக் கண்ணால் காணாத எஸ்தர் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டிலை அவள் கையில் வைத்தார்.

"மக்களே, ஹார்லிக்ஸ நீ குடி. தொப்பி அவனுக்கு இருக்கட்டும்."