பெர் ஃபவோரே இல்லாமல்

என் வீட்டில் நான் கதைத்தால் மேல்மாடி வரைக்கும் கேட்கும். ஆனால் வேலைக்குப் போய், என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்தக் குரல் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும். இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

தூரின் நகரத்தில் இருக்கிற சிஞ்ஞோராவின் மகன் விடுமுறைக்கு வந்தபோது, சொன்னதைக் கேட்டுச் செய்கிற ஸ்பீக்கர் ஒன்றை வரவேற்பறையில் வைத்தார். சுவர்ச் சுவிட்சை அணைத்தால் விளக்கு அதன் சொல்லைக் கேட்காதாம். அதனால் சுவிட்சுகளின் மேல் டேப் ஒட்டிவிட்டுப் போனார். அந்த டேப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. விரலால் செய்கிற வேலையை இனி வாயால் செய்யவேண்டும், அதுவும் இத்தாலியனில், ஆட்கள் பார்க்க.

ஒரு புதன்கிழமை சிஞ்ஞோராவின் சிநேகிதிகள் சீட்டு விளையாட வந்திருந்தார்கள். "விளக்கைப் போடு" என்றார் அவர். நான் ஸ்பீக்கருக்குக் கிட்டப் போய்க் குனிந்து, "பெர் ஃபவோரே, விளக்கைப் போட முடியுமா?" என்று கேட்டேன். தயவுசெய்து, முடிந்தால், மன்னிக்கவேண்டும்: அந்த வீட்டில் என் வாய்க்குப் பழகின சொற்கள் அவைதான்.

"மன்னிக்கவும், விளங்கவில்லை" என்றது ஸ்பீக்கர். இரண்டாம் முறை என் குரல் இன்னும் இறங்கிவிட்டது. சிநேகிதிகள் சீட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"அது மெஷின், பிஷப் இல்லை. நேராகச் சொல்லு" என்றார் சிஞ்ஞோரா. எனக்குக் காது சுட்டது. வெட்கம் பாதி, கோபம் பாதி.

பஸ்ஸில் திரும்பும்போது அடுத்த நாள் வியாழன் என்பது ஞாபகம் வந்தது. வியாழன் பின்னேரம் என் ஓய்வு நேரம். கார் லைசன்ஸ் வகுப்பும் அப்போதுதான். இந்த ஊர் பஸ்ஸை நம்பியே பாதி ஆயுள் போய்விட்டது, எனக்கு அந்த லைசன்ஸ் வேண்டும். ஆனால் வியாழன் வந்தால் சிஞ்ஞோரா "ஒரு மணித்தியாலம் மட்டும்" என்பார், நான் தலையாட்டுவேன். இனியும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். ஒரு பெட்டிக்கே சொல்லத் தெரியாத நான் சிஞ்ஞோராவுக்கு எப்படிச் சொல்லப்போகிறேன்? என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டில் அரிசி கழுவிக்கொண்டே ரைஸ் குக்கரைப் பார்த்துப் பழகினேன். "அச்செந்தி லா லூச்சே." விளக்கைப் போடு.

மகள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நீங்கள் கேக்கிறீங்கள். கேக்காதேங்கோ, சொல்லுங்கோ."

"எனக்குச் சொல்லேக்கை உமக்கு இந்தக் கஷ்டம் ஒண்டும் இல்லையே" என்றார் கணவர். "என்னை நினைச்சுக்கொண்டு சொல்லும்."

"ஓம், அது சரி" என்றுவிட்டு அவரைப் பார்த்தே "அச்செந்தி லா லூச்சே" என்றேன். மனுசன் எழும்பிப் போய் விளக்கைப் போட்டார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை. சோறு வேகும்வரை சொல்லிக்கொண்டே நின்றேன்.

மறுநாள் மதியம் வெயிலுக்காக ஷட்டர்கள் இறக்கியிருந்ததில் வரவேற்பறை இருட்டாகக் கிடந்தது. நான் குனியவில்லை. அறை நடுவில் நின்று ஸ்பீக்கரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"அச்செந்தி லா லூச்சே."

விளக்கு பத்தியது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடியே கை தட்டினார். "பிராவா" என்றவர் அதே மூச்சில், "இன்றைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் நில்லு, சிநேகிதிகள் வருகிறார்கள்" என்றார்.

"இல்லை, சிஞ்ஞோரா. வியாழன் பின்னேரம் எனக்கு வகுப்பு. நான் நிற்கமாட்டேன்."

பெர் ஃபவோரே சொல்லவில்லை. குரலும் வீட்டில் இருக்கிற குரல்தான். சிஞ்ஞோரா கதிரையில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போது எரிகிற ஸ்பீக்கரின் நீல வெளிச்சம் இன்னும் அணையாமல் இருந்தது.

"மன்னிக்கவும், விளங்கவில்லை" என்றது அது.

இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னேன்.