மூக்குப்பேணியில் மலைத் திராட்சை

அன்று விடிந்ததும் நான் முதலில் செய்த வேலை, கிணற்றடித் திராட்சைப் பந்தலில் வௌவாலுக்குக் கட்டியிருந்த வலையை இறுக்கியதுதான். தெல்லிப்பழை ஆசுபத்திரியில் படுத்திருந்தபடி மாமி சொல்லிவிட்ட வேலை அது. முடிச்சுப் போடுவதற்குள் என் கணவர் வாடகைக் காரில் வந்து இறங்கினார்.

"அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார்.

உரும்பிராயில் நாகம்மா மாமியை அறியாதவர்கள் குறைவு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இளவயதில் கணவரை இழந்து, தான் முந்திரிகை என்று சொல்லும் அந்தத் திராட்சைப் பந்தலை நம்பியே மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவர். சுத்த சைவம்.

நான் மருமகளாக வந்து பல வருடங்களாகியும் பிள்ளை இல்லை. ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், எனக்குக் கேட்கும்படியாகவே ஒருவர், "மகனுக்கு வேறை இடம் பாக்கேல்லையோ?" என்றார்.

மாமி இலையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "பாக்கத்தான் நினைச்சனான். உன்ரை மூண்டு பெடியளையும் பாத்தாப் பிறகு, பிள்ளையளுக்கு அவசரமில்லை எண்டு விட்டிட்டன்."

பந்தியே சிரித்தது. அதன்பின் எவரும் என்னைக் கேட்டதில்லை. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை. மாமி ஒருநாளும் அதைக் கதைத்ததுமில்லை.

போன வருடம் மாமியின் சின்ன மகன் பிரான்சிலிருந்து லீவில் வந்தார். அங்கே உயர்ந்த மலையொன்றில் திராட்சைக் குலைகளை ஆய்ந்து பறிப்பது அவர் வேலை. அந்தத் தோட்டத்துச் சிவப்பு வைன் இரண்டு போத்தல் தன் அண்ணைக்கு, என் கணவருக்கென்று கொண்டுவந்திருந்தார். அவரோ குடிவகை தொடுவதில்லை.

"உந்த உயரத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?" என்று மாமி கேட்டார்.

"மழைதான் அம்மா."

"அப்ப தோட்டக்காரனுக்கு என்ன வேலை?"

மகன் திரும்பிப் போன பின் ஒரு மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, இவ்வளவு காலமா முந்திரிகை வைக்கிறன். அது மலையிலை என்னவா வருதெண்டு தெரியாமலே போறதோ? திற போத்திலை."

அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளி, மாமி வாய் படாமல் குடிக்கும் பித்தளை மூக்குப்பேணியில் வார்த்துக் கொடுத்தேன். அண்ணாந்து ஒரு மிடறு வாயில் விட்டார்.

"நாவற்பழத் துவர்ப்பு. மிளகுக் காரமும் கிடக்கு. உது ஆருக்கும் பயந்த சாமான் இல்லைப் பிள்ளை. நெஞ்சிலை நிண்டு கதைக்குது. நீயும் ஒரு மிடறு விடு. நாளைக்கு நான் மறுத்தால் சாட்சி வேணுமெல்லே?"

கிழமை முடிவதற்குள் இருவருமாக அதை முடித்தோம். மற்றப் போத்தலைப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார். "ஆரும் கேட்டால் மண்ணெண்ணெய் எண்டு சொல்லு."

நாளை மறுதினம் மாமியின் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பியதையெல்லாம் படைக்கும் நாள்.

"ஆம்பிளையளெண்டால் சாராயமும் வைப்பம். அம்மாவுக்கு மரக்கறியும் பொங்கின புக்கையும் முந்திரிகைப் பழமும் போதும்" என்றார் மாமியின் மகள், என் மச்சாள். "ஓம்" என்றேன். ஊர் நிறைந்த படையலில் ஒரு கைம்பெண்ணுக்கு வைன் வைத்தால், அவர் கட்டிக் காத்த பேருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அன்றைய பந்தியில் மாமி எனக்காகத் தன் பேரை யோசிக்கவில்லை.

இந்த நினைவு மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த நாள் கடந்திருக்கும். இதை எழுதும்வரை எவருக்கும் சொல்லவில்லை. படையலில் அந்த மற்றப் போத்தல் வைனோடு மூக்குப்பேணி இருக்கும். கேட்பவர்களிடம், "மாமிக்கு விருப்பம். நானும் குடிச்சனான்" என்று சொல்வேன்.

போய் வாருங்கோ மாமி. பேணியைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன்.